புரோக்ரஸ் என்றொரு சொல்



சில மாதங்களுக்கு முன் மீஞ்சூரில் ஒரு பெரியவர் தம் ஸ்கேன் அறிக்கையை என்னிடம் நீட்டினார். "சாமி, புரோக்ரஸ்னு போட்டிருக்கு. நல்லாயிட்டு வருதுதானே?" என்று கேட்டார். பேரனின் புரோக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். ஆனால் அந்த அறிக்கையில் முன்னேறியிருந்தது அவரல்ல, அவருடைய நோய். எனக்கு உடனே பதில் வரவில்லை. "வாங்க, டாக்டர்கிட்ட சேர்ந்தே போய்க் கேட்போம்" என்றேன்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. இலத்தீன் மூலத்தில் அதற்குப் பொருள், முன்னோக்கி அடியெடுத்து வைப்பது. அவ்வளவுதான். நல்ல இடத்துக்கா, கெட்ட இடத்துக்கா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி கோடைக்காலங்களில் பரிவாரத்தோடு ஊர் ஊராகச் சென்ற உலாவுக்கும் புரோக்ரஸ் என்றே பெயர். நூற்றுக்கணக்கான வண்டிகள் பின்தொடரும். தங்கிய இடத்துப் பிரபுக்கள் விருந்து வைத்தே கடனாளி ஆனதும் உண்டு. முன்னே சென்றவர் ஒருவர், செலவு செய்தவர் வேறொருவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1678-இல் ஜான் பனியன் எழுதிய பயணக் கதையின் தலைப்பிலும் இதே சொல்தான் இருந்தது. அதைத் தழுவி 1894-இல் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழில் காவியம் படைத்தபோது 'இரட்சணிய யாத்திரிகம்' என்றே பெயரிட்டார். யாத்திரை என்றால் போய்ச் சேரும் ஊர் ஒன்று இருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடப்பவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்கும்.

அந்த ஊரின் பெயர் 18-ஆம் நூற்றாண்டில் தொலைந்துபோனது. மனித குலம் மேலே போய்க்கொண்டேயிருக்கும் என்று பிரான்சின் கொந்தோர்சே எழுதினார். எழுதியது தலைமறைவாக இருந்தபோது. 1794-இல் சிறையிலேயே இறந்தார். பிறகு பிரித்தானிய அரசு 1858-இன் சட்டப்படி, இந்தியாவின் 'ஒழுக்க, பொருளாதார முன்னேற்றம்' பற்றி ஆண்டுதோறும் தன் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்து வந்தது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தார்களே, அந்த ஆண்டுகளிலும் அறிக்கையின் தலைப்பில் 'முன்னேற்றம்' இருந்தது.

தமிழில் நாம் எடுத்துக்கொண்ட சொல் இன்னும் கனமானது. முன் என்பதோடு ஏற்றமும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் நோய் முற்றியது என்கிறோம், முன்னேற்றம் என்பதில்லை. 1949 செப்டம்பரில் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தபோது, எளிய மக்களின் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் ஏறி உட்கார்ந்தது. 1967 மார்ச் 26, உயிர்ப்புப் பெருவிழா அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடலின் பெயரும் 'மக்களின் முன்னேற்றம்' தான். 1964-இல் மும்பை நற்கருணை மாநாட்டுக்கு வந்து நம் நாட்டைக் கண்ணால் பார்த்துப் போனவர் அவர். பொருள் பெருகினால் மட்டும் அது முன்னேற்றமாகாது என்றும், ஏழை இலாசர் செல்வந்தரோடு ஒரே பந்தியில் அமரக்கூடிய உலகம் வேண்டும் என்றும் எழுதினார். திருத்தந்தை பந்தியைப் பற்றிப் பேசினார். நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏனென்றால் அதே 1960-களின் இறுதியில்தான் சென்னை நகரின் தாகத்துக்காக மீஞ்சூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாக மணலுக்குள் சேர்த்துவைத்த நல்ல தண்ணீர் அது. இறைக்க இறைக்க நிலத்தடி நீரின் அழுத்தம் குறைந்தது. நல்ல நீர் விலகிய இடத்துக்குக் கடல் நீர் வந்தது. தொடக்கத்தில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, பிந்தைய ஆய்வுகளில் 10 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது. இலத்தீன் பொருளில் பார்த்தால் இதுவும் புரோக்ரஸ்தான். அடிமேல் அடிவைத்து, சத்தமே இல்லாமல் கடல் முன்னேறியது. நெல்லும் கீரையும் விளைந்த தோட்டங்களில் கிணற்று நீர் கரித்தது.

2010-இல் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். மீஞ்சூர் ஆலை என்றுதான் அதற்குப் பெயர். உப்பு நீக்கிய தண்ணீர் குழாய் வழியே நகருக்குப் போனது. குறை சொல்லவில்லை, நகரத்திலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அரசியின் உலாவுக்கு விருந்து வைத்தவர்கள் எனக்கு ஞாபகம் வருகிறார்கள்.

அந்தப் பெரியவர் விவசாயி. ஏற்றம் என்றால் அவருக்குச் சொல்லின் பாதி அல்ல. சிறுவயதில் அப்பாவோடு மிதித்து நீர் இறைத்த கருவி. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது தம் நோயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "எங்க கிணத்துத் தண்ணி அப்பல்லாம் இனிப்பா இருக்கும் சாமி" என்றார். வழியில் கேன் தண்ணீர் ஒன்று வாங்கிக்கொண்டோம்.