சோலைக்குருவியும் பாலக்காட்டுக் கணவாயும்



பாலக்காட்டுக் கணவாயை வகுப்பில் நடத்தியபோது, "காற்று வரும் வழி, ரயில் போகும் வழி" என்று சொல்லிக் கொடுத்தேன். அது பாதிப் பாடம்தான். மீதியை இன்று சொல்கிறேன்.

நியூகினியா அருகே பியாக், நும்ஃபோர் என்று இரண்டு தீவுகள். நடுவே கடல் இருப்பதால் தீவுக்கொரு மீன்கொத்தி இனம். நம் மலைகளிலும் இதே கதை உண்டு.

கோடைக்கானல் சோலைகளின் இருட்டில், தரையை ஒட்டித் திரியும் ஒரு சிறு நீலப் பறவை இருக்கிறது. அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க் பழனி மலையில் சேகரித்த பறவையைக் கொண்டு, 1868-இல் பிளான்ஃபோர்டு அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதன் நீலகிரி உறவை ஜெர்டன் என்ற மருத்துவர் அதற்கு முன்பே விவரித்திருந்தார். நீலகிரிப் பறவைக்கு விலாவில் செம்பழுப்பு. நம் பறவைக்கு அங்கே சாம்பல் கலந்த நீலம், வயிறு வெள்ளை.

பிறகு வந்த நூல்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்று சேர்த்துவிட்டன. அண்மையில் மரபணுவை ஆராய்ந்தவர்கள், இவை பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தனித்தனி இனங்கள் என்று காட்டினார்கள். காரணம் நம் கணவாய்தான். குளிர்ந்த சோலையிலேயே வாழும் பறவைக்கு, சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தச் சூடான தாழ்நிலம் ஒரு கடல். மலையுச்சிகள்தான் அதன் தீவுகள்.

2017-இல் இவற்றுக்குத் தனிப் பேரினம் அமைத்து 'ஷோலிகோலா' என்று பெயரிட்டார்கள். சோலையில் வசிப்பது என்று பொருள். நம் தமிழ்ச் சொல் உலக அறிவியலில் ஏறிவிட்டது!

ஆனால் பெயர் நிலைத்தால் போதுமா? பழனி மலையில் சீகை மரமும் யூக்கலிப்டஸும் பைனும் எவ்வளவு இடத்தைப் பிடித்துவிட்டன என்பது உங்களுக்கே தெரியும். சோலை அழிந்தால் இந்தப் பறவை வேறு மலைக்குக் குடிபெயர முடியாது. நடுவில் கடல் இருக்கிறதே.

கோடைக்குப் போனால், படகுச் சவாரிக்கு முன் அதிகாலையில் பாம்பே சோலை ஓரம் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். விடுபட்ட பாடத்தை அந்தக் குருவியே நடத்தும்.

நலமே விளைக!