ஈரநெல்லும் அரவைப் போட்டியும்: தஞ்சைக் காவிரிப் படுகை, 1960–1972

பசுமைப் புரட்சி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் விதை, உரம், விளைச்சல் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. தஞ்சைப் படுகையில் வணிகப் போட்டியின் உண்மையான களம் வயல் அன்று. அறுவடைக்கும் அரவைக்கும் இடைப்பட்ட சில நாள்களே ஆகும்.

1960-61இல் ஃபோர்டு அறக்கட்டளையின் துணையுடன் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை ஆய்வு நிலையம், ஜப்பானிய வகையான நோரின் 10ஐயும் கோவையில் உருவான ஜி.இ.பி. 24ஐயும் கலந்து பெற்ற ஏ.டி.டி. 27ஐ 1960களின் நடுவில் வெளியிட்டது. ஏறத்தாழ 105 நாள்களில் முதிரும் இந்நெல் குறுவைக்கு ஏற்றதாக இருந்தமையால் இருபோகச் சாகுபடி விரிவடைந்தது. ஆனால் குறுவை அறுவடை மழைக்காலத்தில் விழுந்தது. சம்பா நெல்லைத் தை மாத வெயிலில் களத்தில் உலர்த்திப் பழகிய படுகையில், முளைவிடத் தொடங்கும் ஈரநெல் குவியல் குவியலாகச் சேர்ந்தது. உலர்த்த வழியற்ற சிறு உழவர் கிடைத்த விலைக்கு உடனே விற்க நேர்ந்தது. புதிய விதையின் ஆதாயத்தில் ஒரு பங்கு, காத்திருக்க வல்லவர் கைக்கு இவ்வாறே சென்றது.

இச்சிக்கலுக்கு விடையாக நவீன அரிசி ஆலை முன்வைக்கப்பட்டது. அதன் இயந்திர உலர்த்தி வெயிலை நம்பியிருக்கவில்லை. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த வெந்நீர் ஊறல் முறை, புழுங்கலுக்கு இரண்டு மூன்று நாள் பிடித்த ஊறலைச் சில மணி நேரமாகக் குறைத்தது. ரப்பர் உருளை உமியைத் தனியே நீக்கியதால் எண்ணெய் எடுக்க ஏற்ற தூய தவிடும் கிடைத்தது. பழைய ஹல்லரிலோ உமியும் தவிடும் கலந்தே வெளிவந்தன, குருணையும் மிகுதி.

ஆயினும் ஹல்லர் வீழவில்லை. காரணம் பொறியியலில் இல்லை. பெரிய ஆலைக்கு முதலீட்டுச் சுமையை ஈடுகட்ட நாள்தோறும் தடையற்ற நெல்வரத்து வேண்டும். வரத்துக் குறைந்தால் கொதிகலனும் உலர்த்தியும் வீண்செலவே. கூலி அரவை செய்த ஹல்லர்காரரோ நெல்லை வாங்கவேயில்லை. அரை மூட்டையையும் அரைத்துக் கொடுத்தார், விலை இறக்கத்தின் இழப்பு அவரைச் சேரவில்லை. புதிய ஆலைக்கு அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்கிய 1958ஆம் ஆண்டு அரிசி அரவைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டமும், கைக்குத்தலைக் காக்கும் நோக்குடையதாயினும், முன்னரே இருந்த ஆலைகளுக்கு மறைமுக அரணாயிற்று. தொழில்நுட்பத்தில் பின்தங்கியவர் இடர்ப்பாட்டைத் தவிர்ப்பதில் முந்தியிருந்தார் என்பதை நவீனமயத்தின் திட்ட வகுப்பாளர்கள் போதிய அளவு கணக்கிடவில்லை.

குறிப்பிடத்தக்க முயற்சி திருவாரூரில் நிகழ்ந்தது. அங்குள்ள கூட்டுறவு நவீன அரிசி ஆலையைச் சார்ந்து 1967இல் உருவான ஆய்வுக்கூடமே பின்னர் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. மைசூர் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் வி. சுப்பிரமணியன் அதனை வழிநடத்தினார். உலர்த்தி வாங்க இயலாதவரும் ஈரநெல்லைக் கெடாது வைத்திருக்கச் சமையல் உப்பைப் பயன்படுத்தும் முறையை அம்மையம் ஆராய்ந்தது. ஆலையை அன்றி உழவரின் களத்தையே இலக்காகக் கொண்டமையால், இது இயந்திர இறக்குமதியினும் கூரிய உத்தி எனலாம்.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியபின் கொள்முதலில் அரசே பெருவணிகராயிற்று. போட்டியின் வடிவம் மாறியது, ஈரம் மாறவில்லை. கொள்முதல் நிலையங்களின் 17 விழுக்காடு ஈரப்பத வரம்பைத் தளர்த்துமாறு டெல்டா உழவர் குறுவை அறுவடையின்போது இன்றும் கோரி வருகின்றனர்.