தள்ளுபடியில் வரும் சோழர்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறீர்கள். "சார், பையன் கம்ப்யூட்டர்ல ஒரு ஹிஸ்டரி கேம் வாங்கித் தரச் சொல்றான். இப்ப ஆஃபர்ல போகுதாம். வாங்கலாமா? அதுல நெசமாவே வரலாறு இருக்கா?" பெங்களூரிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், போன வாரம் படந்தாலிலிருந்து ஒருவர். தனித்தனியாகப் பதில் எழுதி விரல் வலிக்கிறது. எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

முதலில் தள்ளுபடி. நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீபாவளி நெருங்கினால் சாத்தூர், சிவகாசி சாலைகளில் பலகை வைத்துவிடுவார்கள். 80 சதவீதம் தள்ளுபடி, 90 சதவீதம் தள்ளுபடி. வெளியூர்க்காரர் பார்த்து வாய் பிளப்பார். நாம் சிரித்துக்கொள்வோம். பெட்டியின் மேல் இருக்கும் விலைக்கு அந்தப் பெட்டியை யாரும் வாங்கப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். அங்கே தள்ளுபடி அச்சகத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கம்ப்யூட்டர் விளையாட்டில் கதை வேறு. வெளியான அன்றே சில ஆயிரம் ரூபாய் முழு விலை கொடுத்து வாங்க உலகம் முழுவதும் ஆள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கி முடித்த பிறகு, ஆண்டு செல்லச் செல்ல விலை பாதியாகும், கால்வாசியாகும். ஒரு சரவெடி கூடுதலாக விற்க வேண்டுமானால் யாரோ ஒரு அம்மா உட்கார்ந்து இன்னொரு சரத்தைப் பின்னியாக வேண்டும். விளையாட்டில் இன்னொரு பிரதி எடுக்க அநேகமாகச் செலவே இல்லை. போட்ட முதல் திரும்பிய பின் என்ன வந்தாலும் வரவுதான். அதனால் அங்கே காத்திருப்பவனுக்கே லாபம். வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம் கடை, 2015 முதல் நமக்கு ரூபாயிலேயே விலை சொல்கிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் அங்கே பெரிய விற்பனை நடக்கும். சிவிலைசேஷன் வரிசையின் ஆறாம் விளையாட்டை எபிக் என்ற இன்னொரு கடை 2020 மே மாதம், நாமெல்லாம் ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, ஒரு வாரம் சும்மாவே கொடுத்தது.

ஆக, விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்த விலைக்கு என்ன வரலாறு கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றையும் சொல்ல முடியாது. உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். முதல் பாகம் 1997, இரண்டாம் பாகம் 1999. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கோட்டை கட்டியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், இப்போது உங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். பிறகு 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அந்தப் பழைய விளையாட்டு அதிலும் ஓடியது. அதுதான் நம் பகுதியில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர்.

1999-இல் வந்த அந்த விளையாட்டில் இந்தியா என்று ஒரு நாடே கிடையாது. பிரிட்டன் இருந்தது, பாரசீகம் இருந்தது, சீனா இருந்தது. 2013-இல் வந்த கூடுதல் தொகுப்பில்தான் 'இந்தியர்' என்று ஒரே ஒரு கூட்டம் சேர்ந்தது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லோரும் அதில் அடக்கம். ஒட்டகப் படை, இந்திப் பேச்சு. தஞ்சாவூர்க்காரனும் ஒட்டகம் ஏற வேண்டியதுதான். 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற தொகுப்பு வந்தபோது அந்த ஒன்றை உடைத்து இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று நான்காக்கினார்கள். திராவிடர் பகுதியின் நாயகன் முதலாம் ராஜேந்திர சோழன். சுருள்வாள் வீசும் வீரர்கள், உருக்குத் தொழில், கப்பல்கள் எல்லாம் உண்டு. குதிரைப்படை மட்டும் நோஞ்சான். அதுவும் சரிதான், நம் மன்னர்கள் குதிரையைக் கடல் கடந்து அரேபியரிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் இதைத் தள்ளுபடியில் வாங்கிய அன்று, "தாத்தா, இவங்க தமிழ்ல பேசுறாங்க!" என்று கத்தியதைத் தெருவே கேட்டது. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். முப்பது ஆண்டுக்கு மேல் கரும்பலகையில் கடாரம் என்று எழுதிப் போட்டும் அப்படி ஒரு சத்தம் என் வகுப்பில் எழுந்ததில்லை.

ஆனால் அடுத்த மாதம் அவன் பரீட்சைத் தாளைப் பார்த்தேன். கடாரம் சோழநாட்டின் ஒரு மாகாணமாகி அவர்களால் ஆளப்பட்டது என்று எழுதியிருந்தான். ஆசிரியர் சுழித்திருந்தார். "ஜெயிச்சா மேப் நம்ம கலர் ஆயிடும்ல தாத்தா?" என்றான். விளையாட்டில் ஆகும்தான்.

நடந்தது என்ன? ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடல் நடுவே பல கப்பல்களைச் செலுத்திக் கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவன் செல்வத்தையும் தோரண வாயிலையும் கவர்ந்ததையும், வென்ற ஊர்களையும் வரிசையாகச் சொல்கிறது. ஆண்டு 1025. படை போனது, அடித்தது, திரும்பியது. அங்கே உட்கார்ந்து ஆளவில்லை.

இதற்கு முன்னும் பின்னும் நடந்ததுதான் எனக்குச் சுவையானது. அதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டியது. அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் அதைச் சூடாமணி விகாரம் என்று அழைத்தான். ராஜராஜ சோழன், தான் ஒரு பெரிய சிவபக்தன், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்தப் புத்த விகாரத்துக்குக் கொடுத்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைக்க வைத்தது யார் தெரியுமா? மகன் ராஜேந்திரன். பின்னாளில் அவன்தான் கப்பல் படையோடு கடாரத்துக்குப் போனான். சரி, அத்தோடு பகை நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1090-இல் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் அதே விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிச்சலுகை உறுதி செய்து இன்னொரு செப்பேடு கொடுத்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1088-இல், சுமத்ரா தீவின் பாரூஸ் பக்கம் ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழு ஒரு தமிழ்க் கல்வெட்டே நட்டிருக்கிறது.

கொடை, படையெடுப்பு, மறுபடி கொடை, ஊடே வியாபாரம். விளையாட்டில் நட்பு, நடுநிலை, பகை என்று மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. இந்த நூறு ஆண்டுக்கு எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள்? பேரனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூணையும் மாத்தி மாத்தி அமுக்கணும்" என்றான். அந்தப் பதிலுக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

இன்னொன்று தண்ணீர். விளையாட்டில் உணவு, மரம், தங்கம், கல் என்று நான்கு வளம். வயல் போட்டால் விளையும். மழை என்ற பேச்சே கிடையாது. நம் கரிசல்காட்டுச் சம்சாரி அதைப் பார்த்தால் உடனே அங்கே குடியேறிவிடுவார்! ராஜேந்திரன் கங்கைவரை படை அனுப்பி வென்றதற்கு அடையாளமாக என்ன செய்தான்? கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்று ஏரி வெட்டினான். நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. கல்லில் தூண் நட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர். தண்ணீரில் நட்டவன் இவன். அந்தப் பகுதி விளையாட்டில் இல்லாதது எனக்குக் குறைதான்.

அடுத்து, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். எம்பயர் டோட்டல் வார் என்று 2009-இல் வந்த ஒரு விளையாட்டும் பெரும் தள்ளுபடியில் போகிறது. 1700-இல் தொடங்கி 1799-இல் முடிகிறது. அந்த முடிவு ஆண்டைப் பார்த்ததும் என் கண் நின்றுவிட்டது. 1799 அக்டோபர் 16-இல்தான் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். சாத்தூரிலிருந்து கோவில்பட்டி தாண்டினால் கயத்தாறு, நாம் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும் வழி. அந்த விளையாட்டில் மராட்டியராக ஆடலாம், பிரிட்டிஷாராக ஆடலாம். பாளையக்காரராக ஆட முடியாது. அவ்வளவு சின்ன ஊர்கள் அந்த வரைபடத்தில் தெரியாது.

சின்ன ஊர்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். 1799 செப்டம்பர் 5-இல் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சியை நேரடியாகத் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. கட்டபொம்மன் பிறகுதான் இரவோடு இரவாக வெளியேறினான். 1801 பிப்ரவரி 2-இல் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். இடித்துப் போட்ட கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்துவிட்டது. மண் கோட்டை. மார்ச் 31-இல் கும்பினிப் படை தாக்கிப் பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. மேலும் படையும் பீரங்கியும் வரவழைத்து, மே 24-இல்தான் பிடித்தார்கள். ஒரு மண் கோட்டைக்கு அவ்வளவு நாள். எதிர்த்தரப்பில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி, வாய் பேச முடியாத ஊமைத்துரையை மக்கள் எப்படிப் போற்றினார்கள் என்று வியந்து தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

இதை எந்த வளக் கணக்கில் சேர்ப்பது? மண் சுவருக்கு இத்தனை புள்ளி, கல் சுவருக்கு இத்தனை புள்ளி என்று போட்டுவைத்தால், பாஞ்சாலங்குறிச்சி முதல் நாளே விழுந்திருக்க வேண்டும். சனம் ஏன் கூடிவந்து சுவரை எழுப்பியது என்பதற்குப் புள்ளி கிடையாது. நம் ஆடு புலி ஆட்டம் இதை இன்னும் நன்றாகச் சொல்லும் என்று தோன்றுகிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டால் புலியைக் கொல்லவே முடியாது, நெருங்கி நின்று வழியை அடைக்கத்தான் முடியும். பழைய கோயில் மண்டபங்களின் தரைக்கல்லில் கோடு கீறி வைத்திருப்பார்கள். விலையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

சரி, வாங்கலாமா? வாங்குங்கள். சில நடைமுறைகளை மட்டும் கவனியுங்கள். திராவிடர் பகுதி முதன்மை விளையாட்டில் வராது, 2019-இல் வந்த புதுப் பதிப்பை வாங்கி அதன்மேல் இந்தியத் தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டும். ஆசை காட்டுவது இந்தக் கூடுதல் தொகுப்புகள்தான். முதல் விளையாட்டைக் கடலை மிட்டாய் விலைக்குக் கொடுத்துவிட்டு, தொகுப்பு தொகுப்பாகக் கறந்துவிடும் விளையாட்டுகளும் உண்டு. எல்லாவற்றின் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஸ்டீம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள். நீங்கள் காசு கொடுத்துப் பெறுவது பொருள் அல்ல, ஆடுவதற்கான உரிமம் மட்டுமே. இதை 2024 முதல் அந்தக் கடையே பணம் கட்டும் இடத்தில் எழுதிப் போடுகிறது.

வாங்கியபின் பிள்ளையைத் தனியே விட்டுவிடாமல் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நிறம் மாறிய வரைபடத்தைக் காட்டி, "அப்புறம் அந்த ஊர்ல என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லை என்றால் எனக்குப் போன் போடச் சொல்லுங்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் நாலு மணி வரை தூங்குவேன், மற்ற நேரம் எல்லாம் சும்மாதான் இருக்கிறேன்.

ஜெயங்கொண்டம் பக்கம் வேலையில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தச் சோழகங்கத்தை இப்போது பொன்னேரி என்கிறார்கள். அதில் இந்த வருடம் தண்ணீர் நிற்கிறதா? ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.