லயத்து வீடுகள் – 9: சிவப்பு அட்டை

ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் மறுபடியும் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இப்போது 1957. மலாயா சுதந்திரம் பெற்றுவிட்டது.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் இருக்கிறது உலு திராம். இன்று அங்கே இறங்குகிறவர் பார்ப்பது தாமான் தாமானாக வரிசை வீடுகளும் கடைகளும்தான். அன்று அந்த வட்டாரம் தோட்டக்காடு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு பால் வெட்டு, குழந்தைகளுக்கு ஆயா கொட்டகை, தமிழ்ப்பள்ளி, பெரியவர்களுக்குக் கள்ளுக்கடை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாரியம்மன் கோயில். எல்லாம் நின்றது கம்பெனி நிலத்தில். வேலை போனால் வீடும் போகும்.

மலாய்க்காரர்கள் கம்பம் எனும் கிராமங்களில் இருந்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு உதவி கிடைக்காமல் தடுக்க 1950 முதல் வேலி போட்டு அமைத்த புதுக்கிராமங்களில் சீனர்கள். தமிழர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில். ஜொகூர் முழுவதும் இதே கதைதான். மூன்று இனமும் ஒட்டாது, அது அவரவர் இயல்பு என்று சொல்கிறவர்களை நான் ஏற்பதில்லை. வேலையை இனவாரியாகப் பிரித்த வெள்ளைக்காரன்தான் வீட்டையும் பிரித்தான்.

ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர் இன்றும் வேதனையோடு சொல்வது இதைத்தான். துண்டு நிலம் வாங்கியவருக்கு லயமும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம். மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம் பெட்டி படுக்கையோடு பட்டணத்துப் புறம்போக்கில் போய்க் குடிசை போட்டது. இதைத் தடுக்கத்தான் ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார். பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் நாடெங்கும் துண்டாடப்பட்ட நிலத்துக்கு முன்னால் அந்தப் பணம் எம்மாத்திரம்?

இன்னொரு வினை வந்தது காகிதத்தில். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், மனு எழுதத் தெரியாதவர்கள், 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டவர்கள் என ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் குடியுரிமை பெறவில்லை. நீல அடையாள அட்டை குடிமகனுக்கு. இவர்கள் கையில் இருந்தது சிவப்பு அட்டை. 1968இல் வேலை வாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய இனிப் பெர்மிட் வேண்டும்.

மறு ஆண்டு மே 13 அன்று மலாய்–சீனர் கலவரத்தில் கோலாலம்பூர் பற்றி எரிந்தது. அரசுக் கணக்கின்படி மாண்டவர் 196 பேர். தமிழர்கள் அந்தச் சண்டையின் தரப்பு அல்ல. ஆனாலும் கலவரத்துக்குப் பின் பெர்மிட் விதி இறுகியபோது அதிகம் அடிபட்டது, சிவப்பு அட்டையோடு பால்வாளி தூக்கியவர்கள்தான். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மலாயாவிலேயே பிறந்து, நாகப்பட்டினத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

அவர்களை ஏற்றி வந்த 'ரஜூலா' கப்பல் கரையை நெருங்குகிறது. ஊரில் நிலம் இல்லை, எதிர்பார்த்து நிற்கும் உறவும் பலருக்கு இல்லை. இறங்கியவர்களை ஊர் எப்படி வரவேற்றது? போகாமல் தங்கியவர்கள் ஜொகூரில் எங்கே ஒதுங்கினார்கள்?

அடுத்த வாரம்.