பட்டியலில் ஏறிய பெயர்

குற்றஞ் சாட்டப்பட்டவனை நீதிமன்றத்தில் நிறுத்தி, சான்றுகளை ஆராய்ந்து தண்டிப்பது நாகரிக நாடுகளின் மரபு. ஆனால், நீதிமன்றப் படியேறாமலே ஒரு மனிதனின் வாழ்வைக் குலைத்துவிடவும் முடியும். அமெரிக்க நடிகர் பிலிப் லோபின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

லோப் 1891ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிற் பிறந்தார். நியூயோர்க் நாடக மேடைகளில் நகைச்சுவை நடிகராகவும் நெறியாளராகவும் பெயர் பெற்றார். நடிகர் சங்கத்தின் ஆட்சி மன்றத்தில் அமர்ந்து, சக கலைஞரின் உரிமைகளுக்காக அஞ்சாது வாதாடினார்.

அக்காலத்தில் அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பிக் கேட்ட வானொலித் தொடர்களுள் ஒன்று கோல்ட்பேர்க் குடும்பத்தின் கதை. நியூயோர்க்கில் வாழும் யூதக் குடும்பம் ஒன்றின் இன்ப துன்பங்களைக் கூறும் இத்தொடரைக் கெர்ட்ரூட் பேர்க் என்னும் அம்மையார் 1929இல் தொடக்கினார். எழுதியவரும் அவரே, குடும்பத் தலைவி மொலியாக நடித்தவரும் அவரே. 1949இல் இது தொலைக்காட்சிக்கு வந்தபோது, கணவன் ஜேக்காகத் தோன்றியவர் லோப். முன்கோபமும் பாசமும் ஒருங்கே கொண்ட அந்தத் தந்தையைப் பார்வையாளர் தம் வீட்டு மனிதராகவே கருதினர்.

அந்நாளில் ஒரு நிகழ்ச்சியின் செலவு முழுவதையும் பெரும்பாலும் ஒரே வணிக நிறுவனம் ஏற்கும். மொலி சன்னலில் சாய்ந்து அயலாருடன் உரையாடுவதுபோல நேயரிடம் பேசி, அந்த நிறுவனத்தின் கோப்பியைப் புகழ்வார். பணம் தருபவரின் சொல்லே இறுதிச் சொல்லாயிருந்தது. கேடு நுழைந்த வாயிலும் அதுவே.

1950ஆம் ஆண்டு யூன் 22ஆம் நாள் 'ரெட் சனல்ஸ்' என்னும் சிறுநூல் வெளியாயிற்று. வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றிற் பணிபுரிந்த 151 பேரைப் பொதுவுடைமைச் சார்புடையோர் என ஐயுறுமாறு அது பட்டியலிட்டது. அவர்கள் ஒப்பமிட்ட விண்ணப்பங்களும் கலந்துகொண்ட கூட்டங்களுமே அதிற் காட்டப்பட்ட 'சான்றுகள்'. மூன்றே நாளிற் கொரியப் போர் மூண்டது. அச்சம் நாடெங்கும் பரவியது. பட்டியலில் லோபின் பெயரும் இருந்தது.

பொருள் விற்பனை குன்றுமென அஞ்சிய நிறுவனம், லோபை நீக்குமாறு வற்புறுத்தியது. பேர்க் அம்மையார் முதலில் மறுத்தார். 1951இல் நிறுவனம் ஆதரவை விலக்கியது, சீ.பீ.எஸ். நிலையமும் தொடரைக் கைவிட்டது. தொடரை நம்பிப் பிழைத்தோர் பலர். ஈற்றில் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு லோப் விலக, 1952இல் வேறொரு நடிகருடன் தொடர் என்.பீ.சி. நிலையத்தில் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டிலே செனட் சபையின் உட்குழு முன் தோன்றிய லோப், தாம் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர் அல்லர் என்று உறுதியளித்தார். எனினும் தொலைக்காட்சியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

மனைவியை இழந்திருந்த லோபுக்கு மனநோயுற்ற மகன் ஒருவன் இருந்தான். வருவாய் குன்றவே, தனியார் மருத்துவ நிலையத்திலிருந்த அவனை அரசாங்க மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது. தந்தையை வாட்டிய துயரங்களுள் இதுவே பெரிது என்பர். நண்பரான நடிகர் சீரோ மொஸ்டலின் இல்லத்திற் சிலகாலம் தங்கினார். 1955ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள், நியூயோர்க் விடுதி ஒன்றில், 64ஆம் வயதில், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மறு ஆண்டு, ஜோன் ஹென்றி ஃபோக் என்ற வானொலிக் கலைஞர் இத்தகைய பட்டியல்காரர் மீது வழக்குத் தொடுத்தார். 1962இல் யூரிமார் அவருக்கு 35 இலட்சம் டொலர் இழப்பீடு விதித்தனர். மேன்முறையீட்டில் தொகை பெரிதும் குறைந்தபோதும், பட்டியல்களின் பொய்ம்மை வெளிச்சத்துக்கு வந்தது. லோபுக்கோ அந்த நீதி காலங்கடந்ததாயிற்று. 1976இல் வெளியான 'த ஃப்ரண்ட்' என்னும் திரைப்படத்தில், அவரது முடிவை நினைவூட்டும் பாத்திரத்தை ஏற்று நடித்தவர் அதே மொஸ்டலே.

லோபை வெறுத்தோர் சிலர். அவர் குற்றமற்றவரென அறிந்திருந்தும் அஞ்சி வாளாவிருந்தோர் பலர். பட்டியலுக்கு வலிமை தந்தது அந்தப் பலரின் மௌனமே.