சிங்கர் முகவரும் தவணைக் காசும்

"பழைய தையல் மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கலாமா? யாரை நம்பி எடுப்பது?" என்று கிளேட்டனில் உள்ள எம்மவர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்கு வயது 150க்கு மேல்.

ஐசக் சிங்கர் அமெரிக்காவில் தமது மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். அதன் விலை நூறு டொலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. 1856இல் அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் இரண்டு வழிகளைக் கண்டார். ஒன்று, தவணைமுறை. மற்றது, பழைய மெஷினைக் கொண்டுவந்தால் புதியதன் விலையில் 50 டொலர் கழிவு. அப்படி வாங்கிய பழையவை மீண்டும் சந்தைக்கு வராதபடி அழிக்கப்பட்டன. அந்தக் கழிவு பழையதன் பெறுமதி அல்ல, புதியதை விற்கும் வழி.

1877இல் சிங்கர் கொழும்பு புறக்கோட்டையில் கடை திறந்தது. தவணைமுறையும் இலங்கைக்கு வந்தது. தவணைக் காசு வாங்க ஆள் திரும்பத் திரும்ப வரவேண்டும். மெஷின் ஓடாவிட்டால் காசும் வராது. ஆகவே மெஷின் நன்றாக ஓடுவதில் விற்றவருக்கும் அக்கறை இருந்தது. முகவர் மீதான நம்பிக்கை இந்தக் கட்டாயத்தில்தான் வேர்விட்டது என்பது என் எண்ணம்.

போர்க்காலத்தில் மெஷினின் அருமை இன்னும் தெரிந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோதும் கால் மெஷின் ஓடியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையில் எடுக்கக்கூடியதோடு வெளியேறினார்கள். இரும்புக் கால் வைத்த மெஷினை எப்படிக் கொண்டுபோவது? தைத்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்ணுக்கு அது பொருளிழப்பு மட்டுமல்ல, தொழிலிழப்பு.

இப்போது கேள்விக்கு வருவோம். ஊரில் பாவித்த சிங்கர் மெஷின்கள் பல ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் செய்தவை. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. ஆனாலும் சிங்கர் 15 ரகத்துக்குப் பொருந்தும் ஊசியே இன்றைய வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்துகிறது. நேர்த்தையல் மட்டும் போதுமென்றால் பழையதே போதும். இழுபடும் துணி தைக்க சிக்சாக் தையல் வேண்டும். அதற்காகப் புதிது எடுப்பது நியாயம்.

கடைக்குப் போகும்போது நீங்கள் வழமையாகத் தைக்கும் துணியைக் கொண்டுபோய், அதில் தைத்துப் பாருங்கள். திருத்தவேலை அங்கேயே நடக்கிறதா என்று கேளுங்கள். 2011இலிருந்து உள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, திருத்தும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க உற்பத்தியாளர் ஆவன செய்யவேண்டும். கிடைக்காதென்றால் வாங்கும்போதே எழுத்தில் சொல்லவேண்டும். இன்று காசு வாங்க எவரும் வீடு தேடி வருவதில்லை. ஆகவே நாம் திரும்பிப் போனால் முகம் கொடுப்பவரா என்று பார்த்து எடுக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று: பழையதைக் கொடுத்தால் என்ன விலை, கொடுக்காவிட்டால் என்ன விலை என்று இரண்டையும் கேளுங்கள். வித்தியாசம் சிறிதென்றால், பழையது வீட்டிலேயே இருக்கட்டும்.