முகப்புப் பலகையில் ஒரு நாடு: சுவிஸ் ரயில் நிலையப் பெயர்களின் வரலாறு

சுவிட்சர்லாந்தின் ரயில் நிலையங்களில் டிக்கெட் காட்டிக் கடக்க வேண்டிய தடுப்பு வாயில்கள் கிடையாது. தெருவில் நடப்பவர் அப்படியே நடைமேடைக்கு வந்துவிடலாம். வாயிற்காவலர் இல்லாத அந்த இடத்தில், எது நிலையம், எந்த ஊர், எந்தப் பக்கம் போவது என்பதையெல்லாம் பலகைகளே சொல்லியாக வேண்டும். இந்தப் பொறுப்பு அவற்றின் கைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சூரிச்சிலிருந்து பாடனுக்கு 1847இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் பாதைகள் தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தன. அன்று கட்டடமே அறிவிப்பு. யாக்கோப் ஃப்ரீட்ரிக் வானர் வடிவமைத்து 1871இல் திறக்கப்பட்ட சூரிச் தலைமை நிலையம், வெற்றி வளைவு போன்ற முகப்போடு நகரத்தை நோக்கி நிற்கிறது. அதைக் கட்டிய வடகிழக்கு ரயில்வேயின் நிறுவனர் ஆல்ஃபிரட் எஷருக்கு 1889இல் அந்த வாயிலின் முன்பே சிலை எழுந்தது. பயணிக்கு வழிகாட்டுவதைவிட நிறுவனத்தின் செல்வாக்கைப் பறைசாற்றுவதே அந்த முகப்பின் முதல் வேலை என்பது என் கணிப்பு. லூட்செர்னில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 1896இல் திறக்கப்பட்ட நிலையம் 1971 பிப்ரவரி 5 அன்று தீக்கிரையானது. அதன் நுழைவு வளைவை மட்டும் காப்பாற்றி, புதிய நிலையத்துக்கு எதிரே சதுக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

1898இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ரயில்களை அரசுடைமையாக்க மக்கள் ஒப்புதல் தந்தனர். 1902இல் கூட்டாட்சி ரயில்வே செயல்படத் தொடங்கியது. ஒரே நிறுவனம், மூன்று பெயர்ச்சுருக்கங்கள்: ஜெர்மனில் எஸ்பிபி, பிரெஞ்சில் சிஎஃப்எஃப், இத்தாலியனில் எஃப்எஃப்எஸ். 1938இல் தேசிய மொழியாக ஏற்கப்பட்ட ரோமான்ஷுக்கு அந்த வரிசையில் இன்றும் இடமில்லை. ரோமான்ஷ் பேசும் மலைப்பகுதியில் ஓடும் ரேத்திய ரயில்வேயில்தான் டிசென்டிஸ்/முஸ்டேர் போன்ற இரட்டைப் பெயர்களைக் காண்கிறோம்.

உடைமை ஒன்றானதும் தோற்றமும் ஒன்றாகிவிடவில்லை. அது துண்டு துண்டாகவே வந்தது. 1944இல் பொறியாளர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் நிலையக் கடிகாரத்தை வடிவமைத்தார். ரயிலுக்குப் புறப்பாடு காட்டும் ஊழியர் கையில் ஏந்தும் தட்டைப் போன்ற சிவப்பு விநாடி முள் 1950களில் அதில் சேர்ந்தது. ஹான்ஸ் ஹார்ட்மன் 1972இல் இருபுறமும் அம்பு நீளும் சிலுவைச் சின்னத்தை உருவாக்கினார். யோசஃப் முல்லர்-ப்ரோக்மன் அதை 1978இல் செம்மைப்படுத்தினார். பின்பு பீட்டர் ஸ்பாலிங்கருடன் சேர்ந்து பயணியர் தகவல் முறைக்கான கையேட்டை அவர் 1980இல் முடித்தார்.

அந்தக் கையேடுதான் இந்த வரலாற்றின் திருப்பம். எழுத்துரு ஹெல்வெடிகா, அதுவும் 1957இல் பாசலுக்கு அருகிலுள்ள முன்ஷென்ஸ்டைனின் ஹாஸ் எழுத்து வார்ப்பகத்தில் பிறந்தது. எழுத்தின் அளவு, இடைவெளி, நிறம், படக்குறி, பலகை தொங்க வேண்டிய இடம் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் விதி உண்டு. கோபுரமும் வளைவும் செய்த வேலையை அடர்நீலப் பலகையும் வெள்ளை எழுத்தும் எடுத்துக்கொண்டன. சூரிச்சுக்கும் ஒரு சிற்றூருக்கும் ஒரே தோற்றம். இந்தச் சமத்துவத்தை, வடிவமைப்பின் அழகைவிடப் பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன்.

ஆனால் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று சொன்ன கையேட்டால், எந்தப் பெயரை எழுதுவது என்ற கேள்வியைத் தீர்க்க முடியவில்லை. பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாகவும் ஜெர்மன் பேசுவோர் சிறுபான்மையாகவும் வாழும் ஃப்ரிபூர் நகரம் இதற்குச் சான்று. 2004இல் ஏற்கப்பட்ட ஃப்ரிபூர் மாநில அரசியலமைப்பு இரு மொழிகளையும் ஆட்சிமொழிகளாக வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் நிலையத்தில் பிரெஞ்சுப் பெயர் மட்டுமே இருந்தது. 2012இல்தான் ‘ஃப்ரிபூர்/ஃப்ரைபுர்க்’ என்ற பலகை வந்தது. நடுவே ஒரு சாய்கோடு, இருபுறமும் ஒரே அளவு எழுத்து. பயணிக்கு அதனால் கிடைத்த புதுத் தகவல் எதுவுமில்லை. ஜெர்மன் பேசும் குடிமகனுக்கோ அது தன் ஊர் தன்னை ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1952இல் பெரியாரின் அழைப்பில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்துகள் தாரால் அழிக்கப்பட்டன. 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து மு. கருணாநிதி கல்லக்குடியில் தண்டவாளத்தில் படுத்தார். இரு நாடுகளிலும் மோதல் ஒன்றே: ஊரின் பெயரைச் சொல்லும் உரிமை யாருடையது? சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த புவியியல் பெயர்களுக்கான ஆணைப்படி, நிலையப் பெயர்களைக் கூட்டாட்சிப் போக்குவரத்து அலுவலகமே முடிவுசெய்கிறது.

முல்லர்-ப்ரோக்மனின் கையேடு 2019இல் மறுபதிப்பு கண்டு, ஆய்வாளர்கள் கையில் கிடைக்கிறது. மூன்று மொழிகளையும் கடல்மட்ட உயரத்தையும் தாங்கி நிற்கும் நம் மஞ்சள் பலகைகளுக்கும் அப்படியொரு வரலாறு எழுதப்பட வேண்டும். ரயில்வே கோட்ட அலுவலகங்களின் பழைய கோப்புகளும், ஓய்வுபெற்ற பலகை ஓவியர்களின் நினைவுகளும் மறைந்துபோவதற்குள் தமிழ் ஆய்வு மாணவர்கள் இந்தப் பணியைக் கையில் எடுக்க வேண்டும்.